பதினெட்டாவது பாடத்தில் ஒரு பந்து

எங்கள் கல்லூரி பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் இருக்கிறது. அங்கே பி.காம். மாணவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். புரியவில்லை என்று என்னிடம் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. நீங்கள் சொல்வது தப்பு என்று சொன்னவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் எங்கள் கல்லூரியில் சேரவே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. வாரத்தில் மூன்று நாள் நேர் வகுப்பு, இரண்டு நாள் வீடியோ வகுப்பு. மாணவன் வீட்டிலிருந்தே கல்லூரியின் இணையதளத்தில் தன் லாகின் போட்டு எங்கள் பாடத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பார்த்தானோ அதுவே வருகைப்பதிவு. முக்கால் பங்கு பார்த்திருந்தால் ஹால் டிக்கெட், இல்லையென்றால் இல்லை. ஏமாற்றாமல் இருக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் "இருக்கிறீர்களா?" என்று ஒரு கட்டம் வரும். அதை அழுத்தினால்தான் பாடம் மேலே ஓடும். கடைசியில் ஐந்து கேள்விகள். நேர் வகுப்பில் நான் யாரையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிறாயா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

நாற்பது பாடங்களையும் ஒரே கோடை விடுமுறையில் பதிவு செய்தோம். நூலகத்தில் பழைய வினாத்தாள் கட்டுகள் கிடந்த அறையைக் காலி செய்து, சுவரில் பச்சைத் துணி கட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று போர்டு மாட்டினார்கள். ஏ.சி. உண்டு. ஆனால் அதன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அணைத்துவிடுவார்கள். விமானத்தை அணைக்க முடியவில்லை. ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டை மாடியைக் கேட்டுக்கொண்டுதான் இறங்கும். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவர்தான் கேமராவையும் பார்த்துக்கொண்டார். விமானம் வந்தால் அவர் கையைத் தூக்குவார், நான் வாயை மூடிக்கொண்டு அப்படியே நிற்பேன். கையை இறக்கினால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். நடுவில் இருப்பதைப் பிறகு அவர் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிவிடுவார். அந்த மே மாதத்தில் நான் பேசியதைவிடப் பேசாமல் நின்றதுதான் அதிகம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். "இந்தப் பாடத்தை முழுவதும் பார்த்துச் சரிபார்த்தேன்" என்று நாற்பது இடங்களில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீ ஆறுவதற்குள் நாற்பதையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பாடத்தையும் பார்க்கவில்லை. நான் நடத்திய பாடத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

வீடியோவுக்குக் கீழே மாணவர்கள் கருத்து எழுதலாம். எழுதியவர் பெயர் வராது, வரிசை எண் மட்டும் வரும். "நைஸ் சார்", "சூப்பர் சார்", கும்பிடுகிற கை, இதய பொம்மை. பாடம் ஓட ஆரம்பிக்கும் முன்பே சூப்பர் சார் வந்துவிடும். நானும் மாலையில் கீழ்க்கட்டளையில் வீட்டுக்குப் போய் அதையெல்லாம் படித்து, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் சந்தோஷப்படுவேன்.

ஒருநாள் பதினெட்டாவது பாடத்துக்குக் கீழே நாற்பத்தேழாம் எண் இப்படி எழுதியிருந்தது: "மொதல் பந்து கைல இருக்கும்போது பெட்டில எப்படி சார் இன்னும் பத்து இருக்கும்?"

பதினெட்டாவது பாடம் நிகழ்தகவு. ஒரு பெட்டியில் பத்துப் பந்துகள், நான்கு சிவப்பு, ஆறு வெள்ளை. இரண்டு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது கணக்கு. இருபத்திரண்டு வருடமாக அதே பெட்டி, அதே பந்துகள். எனக்குக் கோபம் வந்தது. "பாடத்தை முழுமையாகப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கவும்" என்று பதில் போட்டேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. "முழுசா பாத்தேன் சார். மூணு தடவ பாத்துட்டேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்து பதினெட்டாவது பாடத்தைப் பார்த்தேன். திரையில் நான் வந்தேன். முதல் பந்தை எடுப்பதாகக் கையைக் காட்டினேன். "எடுத்த பந்தைத் திரும்பப் பெட்டியில் போடவில்லை" என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். அடுத்த நொடியே பலகையில் பத்தில் நான்கு, மறுபடியும் பத்தில் நான்கு என்று எழுதினேன். பந்து என் கையில் இருக்கிறது, பெட்டியிலும் இருக்கிறது. பின்னால் தள்ளி மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அதேதான்.

நடந்தது இதுதான். "இதை அடுத்த பாடத்தில் பார்ப்போம், முதலில் பந்தைத் திரும்பப் போட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம்" என்று நான் சொல்லியிருந்தேன். சொல்லும்போது விமானம் வந்திருக்கிறது. லேப்காரர் விமானத்தை வெட்டும்போது என் வாக்கியத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் படித்தது கம்ப்யூட்டர். விமானத்தையும் குற்றம் சொல்ல முடியாது. முழுவதும் பார்த்துச் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

துறைத் தலைவரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். "யானைக்கும் அடி சறுக்கும் சார், விடுங்க. ஆனா இப்ப மாத்த முடியாது. திரும்ப அப்லோட் பண்ணா வியூஸ் எல்லாம் ஜீரோ ஆயிடும். இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்" என்றார். எங்கள் துறையிலேயே அதிகம் பேர் பார்த்தது பதினெட்டாவது பாடம்தானாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீடியோவுக்குக் கீழே நானே எழுதினேன்: "பந்தைத் திரும்பப் போடாவிட்டால் பெட்டியில் ஒன்பதுதான் இருக்கும். பிழை என்னுடையது. சுட்டிக்காட்டிய மாணவருக்கு நன்றி." எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை கூடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பத்தேழாம் எண்ணை நேரில் பாராட்ட வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினேன்.

பையன் வந்தான். சட்டைக்கு உள்ளே ஏதோ உணவு டெலிவரி கம்பெனியின் டீ-ஷர்ட் தெரிந்தது. "அந்தப் பந்து கேள்வி ரொம்ப நல்ல கேள்விப்பா" என்றேன்.

"எந்தப் பந்து சார்?" என்றான்.

அவன் கணக்கை எடுத்துப் பார்த்தேன். வீடியோ பாடங்களின் கேள்விகளில் ஐந்துக்கு ஐந்து, நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் வைத்த தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. இன்னும் இரண்டு கேள்வி கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. வீடியோ வகுப்பு நாட்களில் அவன் வண்டி எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய்விடுகிறான். அப்பா இல்லை. இன்னொரு பழைய போனில் லாகின் போட்டு, அதை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிறேன் என்று அழுத்துவதும் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் போடுவதும் அம்மா.

"அந்தக் கேள்வி எழுதினது?"

"அம்மாவாத்தான் சார் இருக்கும்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மாணவனுக்குப் பதில் வேறொருவர் பார்த்தது தெரிந்தால் ஆசிரியர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அந்த மாணவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. இது விதி. நான் விதிப்படி நடக்கிறவன் என்று கல்லூரியில் எனக்குப் பெயர் உண்டு, அந்தப் பெயரைப் புகழ்ச்சியாகச் சொல்கிறவர்களும் இரண்டு மூன்று பேர் உண்டு. அம்மாவை அழைத்து வரச் சொல்லிவிட்டு, புகார்ப் படிவம் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா பம்மலில் இருந்து வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. தோல் கையுறை தைக்கிற வேலை, துண்டு துண்டாக வெட்டி மூட்டையில் வரும், வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைத்துக் கொடுப்பார். உட்காருங்கள் என்று நான் சொல்வதற்கு முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"அவன் பாக்கல சார். நான்தான் பாத்தேன். தப்புதான், இல்லன்னு சொல்லல. அவன் பரீச்சைய மட்டும் நிறுத்திடாதீங்க சார். அவன் ஒருத்தன்தான் எங்க வூட்ல காலேஜு வந்தவன்."

"பட்டனை மட்டும் அழுத்திட்டுப் போக வேண்டியதுதானேம்மா? பாடத்தை ஏன் கேட்டீங்க?" என்றேன். கேட்டது எனக்கே விநோதமாக இருந்தது. ஒரு ஆசிரியர் கேட்கக்கூடாத கேள்விகளில் அது முதலாவதாக இருக்கும்.

"மொதல்ல அப்டித்தான் சார். பட்டன் அமுக்கறதுக்கோசரம் மெஷின் பக்கத்துல வச்சிகினு தச்சினு இருந்தேன். காதுல வியுந்துகினே கீது. ஆறாவது பாடத்துல, இன்னாடா இது, புரியுதேன்னு ஆயிப்போச்சு. பத்தாவதுல நான் கணக்குல பெயிலு சார். அப்பால ஏயாவதுல இருந்து மெஷின நிறுத்திட்டே பாத்தேன்."

"அந்தப் பந்துக் கணக்கு தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மூட்டையில நூறு கிளவுசு வரும் சார். அம்பது லெஃப்டு, அம்பது ரைட்டு. ஒண்ண எடுத்து மெஷின்ல வச்சா மூட்டையில தொண்ணூத்தொம்போதுதான கீது? நீங்க பந்த எடுத்தப்புறமும் பத்துன்னே போட்டுகினு போறீங்க. சாருக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பிழை செய்ததற்கு இல்லை, அதற்கு ஏற்கெனவே வெட்கப்பட்டு முடித்திருந்தேன். மேஜைமேல் கிடந்த புகார்ப் படிவத்தைப் பார்த்துத்தான். பார்க்காமலே பார்த்தேன் என்று கணக்குக் காட்டியவன் அந்தப் பையன். நானும் அதைத்தான் செய்திருந்தேன், நாற்பது கையெழுத்துப் போட்டு. அந்த அறையில் பாடத்தை உண்மையாகப் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார், அவர்மீது புகார் எழுத நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

பேனாவை மூடினேன். கொஞ்சம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வீடியோ வகுப்பு பார்க்க முடியாத மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நேர் வகுப்பு உண்டு, நடத்துவதும் நான்தான். பையனை அதற்கு மாற்றிவிடலாம். விடாமல் வந்தால் வருகைப்பதிவு சரியாகிவிடும், ஹால் டிக்கெட் கிடைக்கும். மாற்றிய அன்றே அவனுடைய வீடியோ லாகின் மூடிவிடும், யாரும் யாருக்காகவும் பட்டன் அழுத்த வேண்டாம். புகார் இல்லை, பொய்யும் இல்லை. பாம்பும் சாகவில்லை, கோலும் உடையவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அந்த அம்மாவிடமே காட்டி, லாகின் மூடிவிடும் என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சார், அந்த லாகினு மூடிட்டா மீதிப் பாடம்?"

"உங்க பையன் சனிக்கிழமை நேர்ல கேட்டுப்பாம்மா."

"அவன் கேட்டுப்பான் சார். நான் முப்பத்தாறு முடிச்சிகினேன். இன்னும் நாலு பாடம் பாக்கி கீது."

"அது மாணவர்களுக்கு மட்டும்தாம்மா. வெளியாட்களுக்குத் தர விதி இல்லை."

"ஆங். சரி சார்" என்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இப்படிப் பல இடங்களில் சரி சொல்லிப் பழகியவர் என்று தெரிந்தது. படி இறங்கிப் போய்விட்டார்.

பையன் சனிக்கிழமைகளில் ஒழுங்காக வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, தூக்கத்தோடு நேர்மையாகப் போராடினான். ஹால் டிக்கெட்டுக்கு இனி ஆபத்தில்லை. ஆனால் எனக்குத்தான் மனது சரியாக இல்லை. முப்பத்தேழாவது பாடம் என்ன என்பது எனக்குத் தெரியும். முப்பத்தாறு வரை பிரித்துப் பிரித்துச் சொன்னதெல்லாம் ஒன்றுசேர்வது அங்கேதான். சூப்பர் சார் போடுகிறவர்கள் யாரும் அதுவரை வருவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அதன் வாசல்வரை நடந்தே வந்திருக்கிறார், நான் விதி இல்லை என்று கதவைச் சாத்திவிட்டேன். சாப்பிடும்போதும் இது ஞாபகம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநீர்மலைக் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் மனைவி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, துளசி பிரசாதம் வாங்கி வரச் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் போய், இன்னொரு ஷேர் ஆட்டோ மாறிப் பம்மலில் இறங்கினேன். பையன் சொல்லியிருந்த அடையாளப்படி, கீழே தோல் பட்டறையும் மேலே குடித்தனங்களுமாக இருந்த கட்டடத்தில் மாடி ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. மெஷினுக்கு இரண்டு பக்கமும் கையுறைகள் குவிந்து கிடந்தன. அந்த அம்மா பதறி எழுந்து, "பையன் வரலியா சார் கிளாசுக்கு?" என்றார்.

"வரான்மா, அதுக்கு வரலை" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். என்னுடைய லாகினும் பாஸ்வேர்டும். ஆசிரியர்கள் தங்கள் லாகினை யாருக்கும் தரக்கூடாது என்பதும் விதிதான். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

அவர் போனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, முப்பத்தேழாவது பாடத்தைத் திறந்தார். திரையில் நான் வந்து வணக்கம் சொன்னேன். பக்கத்தில் நிற்கிற நான் சும்மா இருந்திருக்கலாம். "அதாவது, இந்தப் பாடத்துல முக்கியமா என்னன்னா" என்று ஆரம்பித்தேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்று அந்த அம்மா கையைத் தூக்கினார். "பாடம் ஓடுது. பேசாதீங்க."

வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வகுப்பில் நான் நடத்தும்போது இப்படி ஒரு முகம் எனக்கு எதிரே இருந்ததாக ஞாபகம் இல்லை. ஐந்து நிமிடம் அங்கே நின்றிருப்பேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளாமலே இறங்கி வந்துவிட்டேன். பிறகு துளசிக்காகத் திருநீர்மலை ஏற வேண்டியதாயிற்று. முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

மாதக் கடைசியில் வீடியோ வகுப்பு அறிக்கை வந்தது. துறைத் தலைவர் அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் நடுவே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீடியோவ நீங்களே உக்காந்து பாக்குறீங்களாமே? முப்பத்தெட்டாவது பாடம் மட்டும் மூணு தடவ?"

சிரிப்பு எழுந்தது. அந்தப் பக்கம் இருந்த ஒருவர், தன் அழகைத் தானே பார்த்து ரசிப்பது ஒரு வயதுக்கு மேல் வரும் என்றார். எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது, சொன்னால் அந்த லாகினும் போய்விடும்.

"ஆமா சார். அதுல நடுவுல கொஞ்சம் வேகமாப் போயிருக்கேன். ஒரு தடவையில பிடிபடல" என்றேன்.

"அது கிடக்கட்டும் சார். கடைசிக் கேள்விக்கெல்லாம்கூட பதில் போட்டிருக்கீங்க." அவர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது, என்னைக் காப்பாற்ற நினைத்தார் போல. "நாற்பதாவது பாடம். உங்க பாடத்துல நீங்களே அஞ்சுக்கு நாலுதான் வாங்கியிருக்கீங்க."

நான் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாற்பதாவது பாடம், முழுவதும் பார்க்கப்பட்டது, ஐந்துக்கு நான்கு, பக்கத்தில் என் பெயர். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் எந்த மதிப்பெண்ணைப் பார்த்தும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"அஞ்சாவது கேள்வி கஷ்டம் சார்" என்றேன்.